திணையும் பாலும்

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பலி முடிந்து ஆலய வளாகத்தில் கூட்டம் கலைந்துகொண்டிருந்த வேளையில், எனக்குத் தெரிந்த ஒரு தாய் என்னருகே வந்து நின்றார். அவருடைய மூத்த மகளுக்குத் தமிழ் கற்பித்தவன் நான். நலம் விசாரித்தேன், பதில் வரவில்லை. வேப்பமர நிழலில் சற்று ஒதுங்கி நின்றபின், குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"சார், சின்னவனைப் பள்ளிக்கூடத்துல 'அது வருது, அது போகுது'ன்னு சொல்றாங்களாம். மூணு வாரமா சரியாச் சாப்பிடல. கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே கிடக்குறான். நேத்து ராத்திரி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'அம்மா, நான் உள்ளுக்குள்ள பையன் இல்லம்மா'ன்னு சொல்லி அழுதான். அவங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகுமோன்னு பயமா இருக்கு. நீங்க படிச்சவங்க, சொல்லுங்க சார். இது நோயா, பாவமா?"

அந்தப் பிள்ளைக்கு வயது பதினைந்து. முப்பது ஆண்டுகள் பிள்ளைகளோடு பழகியவன் என்ற பெருமை எனக்கு உண்டு. ஆயினும் அந்தக் கேள்விக்கு முன் நான் ஊமையாக நின்றேன். "ஜெபியுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீடு திரும்பும் வழியெல்லாம் என் விடையின் வெறுமை என்னைச் சுட்டது. அன்று சொல்லத் தவறியதைத் தேடிய தேட்டமே இக்கட்டுரை. அத்தாயின் இசைவோடுதான் எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய எதையும் இங்கே எழுதவில்லை.

இலக்கணம் கற்பித்த பாடம்

நோயா, பாவமா என்ற இரு கேள்விகளுக்கும் முன்பாக, அந்தத் தாயின் பேச்சில் இருந்த ஒரு சிறு சொல்லே என்னை உறுத்திக்கொண்டிருந்தது. அது 'அது' என்னும் சொல்.

தமிழில் பெயர்களைப் பகுக்கும் முறை நாம் பள்ளியிலேயே படித்தது. முதலில் திணை, பிறகு பால். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தைத் தொடங்குவதே இவ்வரிசையில்தான். மக்களை உயர்திணை என்றும் ஏனையவற்றை அஃறிணை என்றும் முதல் நூற்பாவில் பிரிக்கிறார். இரண்டாம் நூற்பாவில்தான் உயர்திணைக்குள் ஆண்பால், பெண்பால், பலர்பால் என்ற மூன்றும் வருகின்றன. மூன்றாவதில் அஃறிணையின் இரு பால்கள். நான்காவது நூற்பாவில், இந்த வகுப்புகளுக்குள் எளிதில் அடங்காத மனிதரைப் பற்றிப் பேசுகிறார். ஆண்மை திரிந்தவர் என்று அக்காலத்துச் சொல்லால் குறிக்கப்பட்ட அவர்களுக்கெனத் தனி விகுதி எதுவும் மொழியில் இல்லை என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அதற்காக அவர்களை அஃறிணையில் தள்ளவில்லை. உயர்திணை விகுதிகளையே அவர்கள் பெறுவர் என்கிறார். தெய்வத்தைச் சுட்டும் பெயர்களையும் அதே நூற்பாவில், அவர்களுக்கு அருகிலேயே வைக்கிறார்.

இந்த நூற்பாவைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். தேர்வுக்கு வரும், வராது என்பதைத் தாண்டி அதில் நான் எதையும் கண்டதில்லை. இன்று எண்ணிப் பார்க்கையில், அதனுள் ஒரு பெரிய அறநெறி உறைந்திருப்பது தெரிகிறது. ஒருவர் ஆணா பெண்ணா என்பதில் ஐயம் எழலாம். அதற்கு மொழியில் சொல் கிடைக்காமலும் போகலாம். ஆனால் அவர் மனிதரா என்பதில் ஐயம் எழ இடமே இல்லை. பால் தெளிவாகும்வரை திணை காத்திருப்பதில்லை.

நாம் செய்வதோ இதற்கு நேர்மாறு. நடையும் குரலும் நாம் எதிர்பார்த்தபடி இல்லையென்றால், பாலைப் பற்றிய நம் குழப்பத்துக்காக ஒரு பிள்ளையின் திணையையே மாற்றிவிடுகிறோம். "அது" என்கிறோம். தொட்டிலில் கிடந்தபோது, "குழந்தை சிரிக்கிறது", "அது தூங்கட்டும்" என்று நாம் கொஞ்சியதும் இதே சொல்லால்தான். அன்று அன்பாக இருந்த சொல், பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அதே பிள்ளையின்மேல் கல்லாக விழுகிறது.

நோயா?

இனி அத்தாயின் முதல் கேள்விக்கு வருவோம்.

உலக நல நிறுவனம் பத்து முதல் பத்தொன்பது வயது வரையிலான காலத்தை வளரிளம் பருவம் என வரையறுக்கிறது. உடல் ஒருபுறம் விரைந்து வளர, 'நான் யார்' என்ற கேள்வி மறுபுறம் முளைவிடும் காலம் அது. இப்பருவத்தில் நான்கு வெவ்வேறு நிலைகளை நாம் ஒன்றோடொன்று போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

கோலம் போடவும் நடனம் ஆடவும் விரும்பும் பையனும், கால்பந்தும் குட்டை முடியும் விரும்பும் பெண்ணும் உண்டு. இது இயல்பில் உள்ள வேறுபாடு மட்டுமே; இதற்குமேல் இதில் எதையும் தேட வேண்டியதில்லை. யார்மீது ஈர்ப்பு எழுகிறது என்பது இரண்டாவது. பிறக்கும்போதே உடற்கூற்றில் ஆண், பெண் இரு தன்மைகளும் கலந்து அமைவது மூன்றாவது; இது உடலைப் பற்றியது. தன் உடல் காட்டும் பாலும் தன் உள்ளம் உணரும் பாலும் ஒத்துவராத நிலை நான்காவது. அந்தப் பிள்ளை தன் தாயிடம் சொன்னது இதைப்பற்றியதாக இருக்கலாம். இருக்கலாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சிறுவயதில் இத்தகைய குறிகளைக் காட்டும் பிள்ளைகள் அனைவரும் வளர்ந்தபின்னும் அவ்வாறே இருப்பதில்லை. சிலரிடம் அது மறைகிறது. சிலரிடம் பூப்பெய்தும் பருவத்தில் இன்னும் ஆழமாக வேரூன்றுகிறது. எந்தப் பிள்ளை எவ்வழி செல்லும் என்று முன்கூட்டிச் சொல்ல மருத்துவத்தால் இன்றும் இயலவில்லை.

உலக நல நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பதினொன்றாம் பதிப்பு 2019-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் இந்நிலை மனநோய்களின் அதிகாரத்திலிருந்து நீக்கப்பட்டுள்ளது. ஆகவே, இப்படி உணர்வதே ஒரு மனநோய் என்று இன்றைய மருத்துவம் சொல்வதில்லை.

ஆனால் இதனோடு நிறுத்திவிட்டால் பாதி உண்மையையே சொன்னவர்களாவோம். மனச்சோர்வும், ஓயாத பதற்றமும், தன்னைத் தானே வதைத்துக்கொள்ளும் எண்ணமும் இப்பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளைவிட மிகுதியாகத் தாக்குகின்றன. அந்தத் துயரின் ஒரு பகுதி உள்ளிருந்து எழுவது: குரல் உடையும்போதும் உடல் மாறும்போதும், தனக்குரியதல்லாத ஒன்று தன்மேல் வளர்வதாகப் பிள்ளை உணர்கிறது. மற்றொரு பகுதி வெளியிலிருந்து வருவது: வகுப்பறைக் கேலி, கழிப்பறைக்குச் செல்லவே அச்சம், வீட்டில் அடி, உறவினர் முன் அவமானம். முதற்பகுதியைத் தணிப்பது நம் கையில் முழுமையாக இல்லை. இரண்டாம் பகுதியோ நம் கையால் விளைவது.

அமெரிக்காவில் கெய்ட்லின் ரயன் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தன்பால் ஈர்ப்புள்ள 224 இளைஞரிடம், வளரிளம் பருவத்தில் குடும்பம் தங்களை எவ்வாறு நடத்தியது என்று கேட்டறிந்தனர். வீட்டாரின் கடுமையான புறக்கணிப்புக்கு ஆளானதாகச் சொன்னவர்கள், புறக்கணிப்பு இல்லாதோரையும் குறைவாக இருந்தோரையும் விட எட்டு மடங்குக்கு மேல் உயிர்மாய்ப்பு முயற்சியில் ஈடுபட்டதாகத் தெரிவித்திருந்தனர். அந்த ஆய்வு வேறு நாட்டது. அதில் பேசப்பட்டது பாலுணர்வு ஈர்ப்பேயன்றி, பால் அடையாளம் அன்று. அதை அப்படியே நம் வீட்டுக்குப் பொருத்திவிட முடியாது. எனினும் வீட்டின் கதவு ஒரு பிள்ளையின் உயிரோடு எவ்வளவு நெருங்கிய தொடர்புடையது என்பதை அது காட்டத் தவறவில்லை.

ஆக, "நோயா?" என்ற கேள்விக்கு என் விடை இது: அந்த உணர்வு நோயன்று, ஆனால் பிள்ளை படும் துயருக்கு மருந்தும் துணையும் தேவை.

பாவமா?

ஒரு செயல் சாவான பாவமாவதற்கு மூன்று வேண்டும் என்று மறைக்கல்வியில் நாம் படித்திருக்கிறோம்: கனமான பொருள், முழு அறிவு, மனமார்ந்த இசைவு. கேளாமலே வந்து நிற்கும் ஓர் உணர்வில் இசைவுக்கே இடமில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை இரவில் தாயின் கையைப் பிடித்து அழுதது பாவமன்று. அதை அந்தப் பிள்ளைக்கு யாராவது உடனே சொல்லியாக வேண்டும். ஏனெனில், 'கடவுளுக்கே நான் ஆகாதவன்' என்ற எண்ணம்தான் பக்தியுள்ள வீட்டுப் பிள்ளைகளை மிகவும் நசுக்குகிறது.

இவ்விடத்தில் திருச்சபையின் போதனையை மறைக்காமல் சொல்வதே நேர்மை. 2019-இல் கத்தோலிக்கக் கல்விப் பேராயம் வெளியிட்ட ஏடும், 2024 ஏப்ரலில் வெளிவந்த 'எல்லையற்ற மாண்பு' என்னும் அறிக்கையும், உடல் இறைவனின் கொடை என்றும், ஆண் பெண் வேறுபாடு மனிதன் தானே வரைந்து கொள்வதன்று என்றும் கற்பிக்கின்றன. பாலை மாற்றும் மருத்துவத் தலையீட்டைத் திருச்சபை ஏற்பதில்லை. பிறவியிலேயே உள்ள உடற்கூற்றுக் குறைகளுக்குச் சிகிச்சை பெறுவதை அது தடுக்கவும் இல்லை. இப்போதனை தங்கள் வாழ்வின் வலியைத் தொடவில்லை என்று கருதும் திருநங்கையரும் திருநம்பியரும் உண்டு. உடல் மாற்றத்தாலேயே உயிர் பிழைத்தோம் என்பவர்களும் அவர்களிடையே உண்டு. அவர்களுடைய சான்றைப் பொய்யென்று தள்ளிவிட நமக்கு உரிமையில்லை.

ஆனால் அதே ஏடுகளில் நாம் வசதியாக மறந்துவிடும் பக்கங்களும் உள்ளன. கல்விப் பேராயத்தின் ஏடு தன் வழிமுறையை மூன்று படிகளாக அமைத்திருக்கிறது: செவிமடுத்தல், ஆராய்தல், எடுத்துரைத்தல். செவிமடுத்தலே முதற்படி. நாமோ மூன்றாவதில் தொடங்கி மூன்றாவதிலேயே முடித்துவிடுகிறோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வழங்கிய 'அன்பின் மகிழ்ச்சி' மடலில், ஆண்மையும் பெண்மையும் இறுகிப்போன அச்சுகள் அல்ல என்கிறார். கலையும் நடனமும் ஆண்மைக்கு ஒவ்வாதவை என்று எண்ண வைக்கும் கடுமை பிள்ளைகளின் வளர்ச்சியைத் தடுக்கும் என்றும் எச்சரிக்கிறார். 'ஆம்பளையா இரு' என்ற அதட்டலுக்கு நற்செய்தியில் ஆதாரம் தேடுவோர் ஏமாந்துபோவர்.

மருத்துவ உலகிலும் எல்லாரும் ஒரே குரலில் பேசவில்லை. பருவ வளர்ச்சியை நிறுத்திவைக்கும் மருந்துகளைச் சிறார்க்கு வழக்கமாக வழங்குவதை இங்கிலாந்து நாட்டு நலத்துறை 2024 மார்ச்சில் நிறுத்தியது. அடுத்த மாதம் வெளிவந்த, மருத்துவர் ஹிலரி காஸ் தலைமையிலான ஆய்வறிக்கை, அம்மருந்துகளின் பயனுக்குப் போதிய சான்று இல்லை என்றது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமோ 2023-இல் இத்தகைய சிகிச்சைக்கான தன் ஆதரவை மீண்டும் உறுதிசெய்திருந்தது. கற்றோரே இவ்வாறு முரண்பட்டு நிற்கையில், ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் வாழ்வு பற்றிய இறுதி விடையை ஒரே இரவில் எழுதிவிட எந்தத் தாயாலும் தந்தையாலும் முடியாது. முடிய வேண்டும் என்றும் யாரும் எதிர்பார்க்கலாகாது.

அவர்கள் அன்றிரவே தந்தாக வேண்டிய விடை ஒன்று உண்டு. "இந்த வீட்டில் எனக்கு இடம் உண்டா?" என்பதே உண்மையில் பிள்ளை கேட்ட கேள்வி. அது திணையைப் பற்றிய கேள்வி. அதற்கு விடை சொல்லப் பாலைப் பற்றிய விவாதங்கள் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

தீர்ப்பைத் தள்ளிவைத்த நீதியரசர்

காத்திருத்தல் கோழைத்தனம் என்று நினைப்போருக்கு நம் மாநிலத்திலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 2021-இல், ஒருவரையொருவர் நேசித்த இரு இளம்பெண்கள், பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து, பாதுகாப்புக் கோரிச் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினர். வழக்கு நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. அவர் தம் அறியாமையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். சமுதாயத்தின் முற்கோள்கள் தம்மிடமும் இருப்பதை உணர்ந்து, இப்பொருளைப் புரிந்துகொள்ள ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து பாடம் கேட்டார்; அத்தகைய வாழ்வை வாழ்வோரையும் சந்தித்து உரையாடினார். அதன்பின், 2021 ஜூன் 7 அன்று ஆணை பிறப்பித்தார். மருத்துவத்தின் பெயரால் ஒருவருடைய பாலுணர்வையோ பால் அடையாளத்தையோ 'குணப்படுத்தும்' முயற்சிகளுக்கு அதில் தடை விதித்தார். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் இதைப்பற்றிப் பேசி, பெற்றோருக்குத் தெளிவூட்ட வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்.

அந்த வழக்கு ஈர்ப்பைப் பற்றியதேயன்றிப் பால் அடையாளத்தைப் பற்றியதன்று. அதன் சட்ட நுணுக்கங்களும் இங்கே என் பொருள் அல்ல. தீர்ப்பளிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், "எனக்குத் தெரியாது, முதலில் கேட்டறிகிறேன்" என்று சொல்லத் துணிந்ததுதான் என் நெஞ்சைத் தொட்டது. நீதிமன்றத்தில் இயன்றது நம் வீட்டுக் கூடத்தில் இயலாதா?

மீள முடியாத எதையும் அவசரத்தில் செய்யாதே என்ற நெறியும் இதனோடு சேர்ந்தது. உடற்கூற்றில் வேறுபாட்டுடன் பிறக்கும் குழந்தைகளுக்கு, உயிருக்கு ஆபத்தான நிலையிலன்றி, பாலை நிர்ணயிக்கும் அறுவைச் சிகிச்சை செய்வதை 2019-இல் தமிழக அரசு தடைசெய்தது. தன் இசைவைச் சொல்லத் தெரியாத ஒருவர்மேல் நம் அச்சத்தைத் தணிப்பதற்காகக் கத்தி வைக்கலாகாது என்பதே அதன் சாரம். அவசரம் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதன் விலையைக் கொடுப்பது பிள்ளையே.

இரு தடைகள்

செவிமடுத்தல் என்று சொன்னவுடன் இரு பக்கத்திலிருந்தும் மறுப்பு எழும் என்பதை அறிவேன்.

"காது கொடுத்துக் கேட்டால் அதுவே ஊக்கமாகிவிடாதா?" என்று தந்தையர் கேட்பர். கேட்பது ஒப்புவது ஆகாது. பிள்ளையின் காய்ச்சலை அளந்து பார்ப்பதால் காய்ச்சல் ஏறிவிடுவதில்லை. கேளாமல் விட்டால் பேச்சுத்தான் அடங்கும், உணர்வு அடங்காது. வீட்டில் கேட்க ஆளில்லாத பிள்ளை வீதியில் ஆள் தேடும். அங்கே யார் கிடைப்பார் என்பது நம் தெரிவன்று. மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ் இளமையிலேயே வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தவர். தஞ்சை நால்வர் மரபில் வந்த கிட்டப்பா பிள்ளை அவரை மாணவியாக ஏற்று, பல ஆண்டுகள் நாட்டியம் பயிற்றுவித்தார். 2019-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஒரு குருவின் திண்ணை கிடைத்ததால் நாடு ஒரு கலைஞரைப் பெற்றது. திண்ணை கிடைக்காதவர்களின் கணக்கை எவரும் எழுதிவைக்கவில்லை.

"ஏற்றுக்கொள்ளாமல் கேட்பது மட்டும் நாகரிகமான புறக்கணிப்பு அல்லவா?" என்று பாதிக்கப்பட்டோர் கேட்பர். இது கூர்மையான கேள்வி. பேசவிட்டு, பிறகு மனத்தை மாற்றிவிடலாம் என்ற தந்திரத்தோடு கேட்டால் அது புறக்கணிப்பே; பிள்ளைகள் அதை நொடியில் கண்டுகொள்வர். உண்மையான செவிமடுத்தலில் கேட்பவனும் மாறக்கூடும். என் எண்ணத்தில் எங்கோ பிழை இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளாதவன் இன்னும் கேட்கத் தொடங்கவில்லை. எல்லாவற்றிலும் உடன்பட இயலாத பெற்றோரும் உடனடியாகத் தரக்கூடியவை சில உண்டு. அடிக்கமாட்டேன்; கேலி செய்ய விடமாட்டேன்; உன்னைக் கேட்காமல் யாரிடமும் சொல்லமாட்டேன்; உன்னை மாற்றுவதாகச் சொல்லும் எவரிடமும் கட்டி இழுத்துச் செல்லமாட்டேன்; நாம் சேர்ந்தே வழி தேடுவோம். இவ்வைந்தையும் சொல்லிக் காக்கின்ற வீட்டில் பிள்ளை உயிரோடு இருக்கும். மற்ற எல்லா விவாதங்களுக்கும் முதல் தேவை அதுதானே?

என் பங்கு

மற்றவர்க்குச் சொல்லும்முன் என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், ஆண்டுவிழா நாடகமொன்றை நான் இயக்கினேன். மென்மையான குரலும் நளினமான நடையும் கொண்ட ஒரு மாணவன் என் வகுப்பில் இருந்தான். அவனுக்குப் புடவை கட்டி நகைச்சுவை வேடம் கொடுத்தேன். அவன் தயங்கினான், நான் வற்புறுத்தினேன். அவன் மேடையேறியதும் அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாள் முதல் அவனை அந்த வேடத்தின் பெயரால்தான் எல்லாரும் அழைத்தார்கள். அடுத்த கல்வியாண்டில் அவன் பள்ளிக்கு வரவில்லை. ஏன் என்று நான் விசாரிக்கவில்லை. இன்று அவன் எங்கே, எப்படி இருக்கிறான் என்பது எனக்குத் தெரியாது. அவனுக்குப் பால் பற்றிய குழப்பம் இருந்ததா, அது வெறும் இயல்பா என்பதும் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயன்றதேயில்லை. ஆனால் அவனை 'அது' ஆக்கிய கைகளில் என் கையும் ஒன்று.

நம் பங்குகளிலும் பள்ளிகளிலும் இந்தச் சிரிப்பு இன்றும் ஓயவில்லை. ஆகவே ஆசிரியரும் மறைக்கல்வி கற்பிப்போரும் இளையோர் இயக்கத்தாரும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றே: அத்தகைய சிரிப்பு எழும்போது அதில் சேராதிருப்பது, அடுத்து அதைத் தடுப்பது. ஒரு வகுப்பில் ஒரே ஒரு பெரியவர் சிரிக்காமல் நின்றால் போதும். அந்த முகத்தை அப்பிள்ளை ஆயுள் முழுதும் மறவாது.

பிள்ளை உணவையும் உறக்கத்தையும் வெறுத்தால், பழகிய நண்பரை விலக்கினால், தனக்கு அருமையான பொருள்களை வாரிக் கொடுத்தால், 'நான் இல்லாவிட்டால் நல்லது' என்று பேசினால், நாள் கடத்தாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அவ்வாறு செல்வது பிள்ளையின் அடையாளத்தை மாற்றுவதற்கன்று, துயரைத் தணிப்பதற்கு. சாவைப் பற்றிய எண்ணம் உண்டா என்று பிள்ளையிடம் நேரே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை; தனியே சுமந்த பாரம் இறங்கவே செய்யும். 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி-மானஸ் என்னும் மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் சினேகா அமைப்பும், சிறார்க்கான 1098 என்ற எண்ணும் உள்ளன. இந்த எண்களை நம் ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்க எவருடைய இசைவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

விளங்காமலும் அழைத்துச் சென்றவர்கள்

பன்னிரண்டு வயது இயேசுவை எருசலேமில் தவறவிட்டுத் தேடிய நிகழ்ச்சியை லூக்கா எழுதியிருக்கிறார். நாசரேத்து இல்லத்தின் வளரிளம் பருவம் பற்றி நற்செய்தி தரும் காட்சி இது ஒன்றே. மூன்றாம் நாளில் மகனைக் கண்ட தாய் முதலில் செய்தது கேள்வி கேட்டது. தங்கள் மனவேதனையையும் மறைக்காமல் சொன்னார். மகன் ஒரு பதில் தந்தார். அந்தப் பதில் பெற்றோருக்கு விளங்கவில்லை என்பதை நற்செய்தியாளர் ஒளிக்காமல் எழுதுகிறார். விளங்காத மகனை அவர்கள் ஆலயத்திலேயே விட்டுவரவில்லை. விளங்கிய பிறகு வா என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். தாய் அனைத்தையும் உள்ளத்தில் இருத்திவைத்தார்.

இயேசுவின் நிலையையும் நம் பிள்ளைகளின் நிலையையும் நான் ஒப்பிடவில்லை. பெற்றோரின் நிலையை மட்டுமே எண்ணிப் பார்க்கிறேன். பிள்ளையைப் புரிந்துகொள்வது ஒரு கொடை. அது சிலருக்குத் தாமதமாகவும் சிலருக்கு அரைகுறையாகவும் வாய்க்கிறது. ஆனால் வீட்டுக்கு அழைத்துச் செல்வது கடமை. அதற்குப் புரிதல் முன்நிபந்தனை அன்று.

இவற்றையெல்லாம் எண்ணி முடித்தபின் அந்தத் தாயைத் தேடிச் சென்று, அன்று வெறும் வார்த்தை சொல்லி அனுப்பியதற்கு மன்னிப்புக் கேட்டேன். நோயன்று, பாவமன்று என்றேன். மருத்துவர் ஒருவரின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். தந்தையிடம் எப்படிச் சொல்வது என்பதற்கு என்னிடமும் தெளிவான விடை இல்லை. உடன்வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

சென்ற வாரம் அவரை மீண்டும் சந்தித்தேன். கணவர் இன்னும் முகங்கொடுத்துப் பேசுவதில்லையாம். மருத்துவரிடம் இருமுறை போய்வந்திருக்கிறார்கள். பள்ளியில் கேலி முற்றிலும் நிற்கவில்லை. எதுவும் தீர்ந்துவிடவில்லை. பிறகு, நினைவு வந்தவர் போலச் சொன்னார்: "நேத்து ராத்திரி 'சாப்பிட வாப்பா'ன்னு கூப்பிட்டேன் சார். கதவைத் திறந்துக்கிட்டு வந்து, என் பக்கத்துலேயே உக்காந்து சாப்பிட்டுச்சு பிள்ளை."

'சாப்பிட்டுச்சு' என்றார். தொட்டில் காலத்து விகுதி அது. அந்தத் தாயின் வாயில் அது மீண்டும் அன்பின் சொல்லாகியிருந்தது.